ரூ.1,999-க்கு ‘ரோலக்ஸ்’ வாட்ச்சா? பழவேற்காடு மக்களே உஷார்! ஆன்லைன் ஆசாமிகள் பணம் பறிப்பது எப்படி? முழு விவரம்

பழவேற்காடு:

செல்போனைத் திறந்தாலே வாட்ச் விளம்பரம்தான். ‘ரோலக்ஸ் வெறும் ரூ.1,999’, ‘ரேடோ ரூ.2,499, இன்று இரவு 12 மணி வரை மட்டும்’, ‘ஏர்போர்ட்டில் பிடிபட்ட வாட்ச்கள், கடைசி 7 பீஸ்’ என்று வரிசையாக வந்து விழுகிறது. கூடவே டிப்-டாப் ஆசாமி ஒருவர் கையில் கட்டிக் காட்டும் வீடியோ. கீழே, ‘சூப்பர் அண்ணா, நேத்துதான் வந்துச்சு’ என்று நாலு பேர் சர்டிபிகேட். ஆசைப்பட்டு விரலை வைத்தால் போதும், நேராக வாட்ஸ்அப்புக்கு இழுத்துக்கொண்டு போய் விடுகிறார்கள்.

வந்து சேருவது மட்டும் ரோலக்ஸ் இல்லை. ஒண்ணு, பிளாட்பாரத்துல 200 ரூபாய்க்கு கிடைக்கிற டப்பா வாட்ச். இல்லேன்னா காலி டப்பா. பல நேரம் அதுவும் வராது. பணம் போட்ட கொஞ்ச நேரத்துல அந்த வாட்ஸ்அப் நம்பர்ல இருந்த போட்டோ மறைஞ்சு போயிருக்கும். நம்மை பிளாக் செய்து விட்டு ஆசாமி கம்பி நீட்டி விட்டார் என்று அர்த்தம்.

லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஊர்களுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். கம்பெனி வாட்ச் கடையை நேரில் பார்க்க வேண்டும் என்றால் 50 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போக வேண்டும். ஒரு நாள் தொழில் போச்சு, பஸ் செலவு வேற. போனில் வாங்குவது சுலபம் என்று தோன்றுவதில் தப்பே இல்லை.

நம்ம வீடுகளில் பணம் வருவதும் ஒரே சீராக இல்லை. இறால் நல்லா பட்ட வாரம் கையில் நாலு காசு புரளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம்; அதற்கான நிவாரணம் 8 ஆயிரம் ரூபாய் அக்கவுண்டில் ஏறும். அதில் 2 ஆயிரத்தை வாட்ச் ஆசையில் விட்டால் கால் பங்கு காலி. கல்யாண வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளைக்கு செயின், மோதிரம், வாட்ச் என்று சீர் லிஸ்ட்டில் வாட்ச்சும் உண்டு. ‘நல்ல வாட்ச்சா போடுங்க’ என்று சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பெண்ணைப் பெற்றவர் போனில் தேட ஆரம்பித்து விடுகிறார். மோசடி ஆசாமிகளுக்குத் தேவையானது இந்த அவசரம்தான்.

சினிமாவால் வந்த கிராக்கி

முன்னாடி எல்லாம் பழவேற்காடு பக்கம் பெரிய வாட்ச் என்றால் அது ரேடோதான். துபாய், சவுதி என்று போய் வந்தவர்கள் கையில் மின்னும். ரோலக்ஸ் என்ற பெயர் பட்டிதொட்டி எல்லாம் பரவியது 2022 ஜூனில் வந்த ‘விக்ரம்’ படத்துக்குப் பிறகுதான். கடைசியில் சில நிமிஷம் மட்டும் வந்த சூர்யாவின் கதாபாத்திரத்துக்கு பெயர் ரோலக்ஸ். படம் சக்கைப்போடு போட்டதும், கமல்ஹாசன் தன்னுடைய ரோலக்ஸ் வாட்ச்சை சூர்யாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் போட்டோ எல்லோர் போனிலும் சுற்றியது.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு வாட்ச் பரபரப்பு. அப்போது தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை கட்டியிருந்த ‘ரபேல்’ வாட்ச். உலகத்திலேயே 500 மட்டும் செய்யப்பட்ட வாட்ச் அது என்று அவர் சொல்ல, ‘பில் எங்கே?’ என்று அப்போதைய அமைச்சர் செந்தில் பாலாஜி கேட்க, டீக்கடை எல்லாம் வாட்ச் பேச்சாகவே இருந்தது. 2023 ஏப்ரலில் அண்ணாமலை பில்லைக் காட்டினார். கோவையில் ஒருவர் கடையில் வாங்கிய வாட்ச்சை, அவரிடம் இருந்து 3 லட்சம் ரூபாய்க்கு தான் வாங்கியதாகச் சொன்னார்.

அந்த அரசியல் நமக்கு எதுக்கு? ஆனால் ஒரு விஷயம் கவனிக்கணும். விலை உயர்ந்த வாட்ச் என்றால் முதல் கேள்வியே பில்தான். எந்தக் கடையில் போனது, யார் வாங்கினார், அவரிடம் இருந்து யார் வாங்கினார் என்ற வரலாறு அதோடு கூடவே வரும். ‘பில் இல்லண்ணா, ஏர்போர்ட் சரக்கு’ என்று ஒருவன் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்து விடலாம்.

செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாதே

நம்ம பெண்களிடம் யாரும் பழைய மீனைத் தள்ளிவிட முடியாது. செவுளைத் தூக்கி சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள், கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். போனில் அந்த வேலை நடக்காது. போட்டோவில் இருப்பது அசல் கம்பெனி வாட்ச்சாகவே இருக்கும். கம்பெனி வெப்சைட்டில் இருந்து சுட்டுப் போட்டிருப்பான். போட்டோவை வைத்து அசலா, போலியா என்று கண்டுபிடிக்க முயற்சி செய்வது வீண் வேலை.

‘பெரிய முள் ஓடுவதைப் பார், எழுத்தைப் பார், எடையைப் பார்’ என்று யூடியூப்பில் ஆயிரம் பேர் பாடம் எடுக்கிறார்கள். ரோலக்ஸில் தேதி மேல் இருக்கும் சின்னக் கண்ணாடி தேதியை இரண்டரை மடங்கு பெரிசாக்கிக் காட்டும், முதுகுப் பக்கம் பெரும்பாலும் மூடியே இருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது வாட்ச் கைக்கு வந்த பிறகு பார்ப்பது. பணம் அதுக்கு முன்னாடியே போயிருக்கும். அதனால் வாட்ச்சைப் பார்க்காதீங்க, விற்கிற ஆள் யார் என்று பாருங்க.

விலையே காட்டிக் கொடுக்கும்

புது ரோலக்ஸ் வாட்ச்சில் குறைந்த விலை மாடலே 5 லட்சம் ரூபாயைத் தாண்டும். அந்தக் கம்பெனி தன்னுடைய புது வாட்ச்சை இன்டர்நெட்டில் நேரடியாக விற்பதே கிடையாது. அங்கீகாரம் பெற்ற கடைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அங்கேயும் சில மாடல்களுக்குப் பெயர் கொடுத்து விட்டு காத்துக் கிடக்கிறார்கள் பணக்காரர்கள். அவர்களுக்கே கிடைக்காத வாட்ச் நம்ம வாட்ஸ்அப்பைத் தேடி 1,999 ரூபாய்க்கு வருமா?

ரேடோ என்றால் புதுசு பெரும்பாலும் அரை லட்சத்துக்கு மேல். டிசோ 20 ஆயிரத்துக்கு மேல். 10 சதவீதம், 20 சதவீதம் தள்ளுபடி என்றால் யோசித்துப் பார்க்கலாம். 95 சதவீதம் தள்ளுபடி என்றால் அது காதில் பூ சுற்றும் வேலை.

இப்போது புதிதாக ஒரு புரளியும் கிளப்ப வாய்ப்பு இருக்கிறது. ‘சுவிஸ் வாட்ச்சுக்கு வரியை எடுத்துட்டாங்க, அதான் இவ்வளவு சீப்’ என்பார்கள். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட 4 நாடுகளோடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது நிஜம். ஆனால் சுமார் 20 சதவீதமாக இருந்த சுங்க வரி ஒரேயடியாகப் போகவில்லை, படிப்படியாகத்தான் குறையும். முழுசாக எடுத்தாலும் 5 லட்சம் ரூபாய் வாட்ச் நாலு லட்சத்துக்கு வரும். 2 ஆயிரத்துக்கு எந்த ஊர் கணக்கிலும் வராது.

‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘7ஏ குவாலிட்டி’, ‘மாஸ்டர் பீஸ்’ என்று சிலர் சொல்லியே விற்கிறார்கள். எல்லாமே போலிக்கு வைத்த செல்லப் பெயர்தான். வர்த்தக முத்திரை சட்டப்படி (1999) போலி பிராண்டு பொருளை விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் வாங்குகிறவருக்கும் நஷ்டம் உண்டு. ரிப்பேர் என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர் கையால் தொடாது. விற்றவனிடம் கேட்டால், ‘காப்பின்னு சொல்லித்தானே கொடுத்தேன்’ என்பான்.

நம்மை மாதிரி சாதாரண ஆட்கள் மட்டும்தான் ஏமாறுகிறோம் என்று நினைக்க வேண்டாம். ‘டிகாஸ் டாட் காம்’ என்ற ஆன்லைன் தளம் வெளிநாட்டு ஆடம்பர வாட்ச்களைத் தள்ளுபடி விலைக்கு விற்றது. அதில் போலிகள் போனது தெரிந்து கார்ட்டியர் உள்ளிட்ட கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2016 ஜனவரியில் டெல்லி ஐகோர்ட்டு 1 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி தீர்ப்பு சொன்னது. ஆடம்பர வாட்ச் வாங்கும் அளவுக்கு வசதி உள்ளவர்களுக்கே அந்த கதி.

‘அக்கா, அண்ணன் பேர்ல பார்சல்!’

பணம் பறிக்கும் வழிகள் பல. நம்ம ஊருக்கு ரொம்பப் பொருந்துவது இந்த பார்சல் நாடகம்.

வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே கடலுக்குப் போயிருப்பார். டவர் கிடைக்காது. வாசலில் பைக் நிற்கும். ‘அக்கா, அண்ணன் பேர்ல வாட்ச் பார்சல், 1,199 ரூபா குடுங்க, ஜிபேன்னாலும் பரவால்ல’ என்பார் கொரியர் பையன். அவர் ஆர்டர் போட்டிருப்பார் போல என்று அக்காவும் மீன் விற்ற காசை எடுத்துக் கொடுத்து விடுவார். மாலையில் வீட்டுக்காரர் வந்து, ‘நான் எதுவும் போடலியே’ என்பார். பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் எங்கேயோ இருந்து கசிந்து, கேட்காத வீட்டுக்கே அனுப்பி விடுகிறார்கள். கொரியர் பையன் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு போதும். யார் ஆர்டர் போட்டாலும் முதலில் வீட்டில் சொல்லணும். சொல்லாத பார்சல் வந்தால், ‘வேணாம், திருப்பி எடுத்துட்டுப் போ தம்பி’ என்று சொல்லி விடலாம். கேஷ் ஆன் டெலிவரி பார்சலைத் திருப்பி அனுப்பினால் ஒரு பைசா நஷ்டம் இல்லை, கேசும் வராது. போன் வந்த ஓ.டி.பி. எண்ணை மட்டும் சொல்லி விடக்கூடாது.

அடுத்தது கொரியர் சார்ஜ் வித்தை. ‘முழுப் பணம் வேணாம் அண்ணா, நம்பிக்கைக்கு 150 ரூபாய் கொரியர் சார்ஜ் மட்டும் போடுங்க, மிச்சம் கையில வாட்ச் வாங்கிட்டு குடுங்க.’ 150 தானே என்று போடுவோம். மறுநாள் ‘ஜி.எஸ்.டி. 850 கட்டணும், வாட்ச் வந்ததும் ரீபண்டு’ என்பான். அதற்கு மறுநாள் இன்சூரன்ஸ். போட்ட காசைக் காப்பாற்ற மேலும் மேலும் போடத் தோன்றும். அங்கேதான் மாட்டுகிறோம். முதல் 150-ஐ மறந்து விடுவது லாபம்.

மூணாவது, வெளிநாட்டு நண்பர் நாடகம். இதில் போவது ஆயிரக்கணக்கு இல்லை, லட்சக்கணக்கு. பேஸ்புக்கில் லண்டன் டாக்டர், அமெரிக்க என்ஜினீயர் என்று பழக்கம் வரும். ‘உனக்கு ரோலக்ஸ் வாட்ச், ஐபோன், தங்கச் செயின் பார்சல் அனுப்பியிருக்கேன்’ என்று போட்டோ வரும். ரெண்டு நாளில் ‘டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ் பேசுறோம், பார்சல் வந்திருக்கு, 35 ஆயிரம் வரி கட்டணும், இல்லேன்னா கேஸ்’ என்று போன் வரும். பேசுவது பெரும்பாலும் ஒரு பெண் குரல். கட்டினால் அடுத்து 80 ஆயிரம், அடுத்து ஒன்றரை லட்சம்.

உண்மையான சுங்கத்துறை எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால் பயம் போய் விடும். 2024-ம் ஆண்டு தொடக்கத்தில் சிங்கப்பூரில் இருந்து வந்த பயணியிடம் 2 வாட்ச்களை சென்னை விமான நிலைய சுங்க அதிகாரிகள் பிடித்தார்கள். மதிப்பு 1 கோடியே 76 லட்சம் ரூபாய். ஆளையும் வைத்து, பொருளையும் வைத்து, காகிதம் போட்டுத்தான் பறிமுதல் நடந்தது. யாருக்கும் போன் போட்டு ‘ஜிபே பண்ணு’ என்று சொல்லவில்லை. வெளிநாட்டு தபால் பார்சலுக்கு வரி இருந்தால் டெலிவரி நேரத்தில் தபால்காரர் ரசீதோடுதான் வாங்குவார். 2019 நவம்பர் முதல், சுங்கத்துறை அனுப்பும் கடிதங்களில் ‘டின்’ என்ற அடையாள எண் இருக்க வேண்டும். மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்து விடும். தனி ஆள் அக்கவுண்டில் பணம் போடச் சொல்வது சுங்கத்துறை வேலையே இல்லை.

இன்னொன்று, போலி கஸ்டமர் கேர். மோசமான வாட்ச் வந்து விட்டது, திருப்பி அனுப்பணும் என்று கூகுளில் நம்பர் தேடுவோம். முதலில் வருவதே மோசடி நம்பராக இருக்கலாம். ‘ரீபண்டு தர்றோம், இந்த ஆப்பை இறக்குங்க, கியூ.ஆர். ஸ்கேன் பண்ணுங்க, பின் நம்பர் போடுங்க’ என்பார்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் நம்மிடம் இருந்து போகிறது என்று அர்த்தம். கஸ்டமர் கேர் நம்பரை ஆர்டர் போட்ட ஆப்புக்கு உள்ளேயே எடுங்கள்.

அப்பா காலத்து ரேடோவை ஆன்லைனில் விற்கப் போகிறவர்களுக்கும் இதே கண்ணிதான். ‘மிலிட்டரியில இருக்கேன், பார்க்காமலே வாங்கிக்கிறேன், கியூ.ஆர். அனுப்புறேன் ஸ்கேன் பண்ணுங்க’ என்று ஒருவன் வந்தால், வாட்ச்சை மறுபடி பீரோவிலேயே வைத்து விடுங்கள்.

ஆள் யார்? 5 நிமிஷ வேலை

பணம் போடுவதற்கு முன்பு விற்பவனிடம் ஜி.எஸ்.டி. நம்பர் கேளுங்கள். மொத்தம் 15 எழுத்து, எண்கள் இருக்கும். முதல் இரண்டு எண் மாநிலம். தமிழ்நாடு 33, ஆந்திரா 37, டெல்லி 07, குஜராத் 24. ‘சென்னை தி.நகர்ல கடை’ என்று சொல்லிவிட்டு 24-ல் ஆரம்பிக்கும் நம்பர் கொடுத்தால் அங்கேயே சந்தேகம் வரணும். அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டால் கடையின் பெயர், ஊர், இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது வரும். காசு கிடையாது. போனில் பார்க்கத் தெரியாவிட்டால் காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள், ரெண்டு நிமிஷத்தில் பார்த்து விடும். நம்பர் கேட்டதுமே எரிந்து விழுந்தால் அதுவே பதில்.

2020-ம் ஆண்டு வந்த மின்வணிக விதிகள்படி, ஆன்லைனில் விற்கும் தளம் தன் பெயர், விலாசம், குறை கேட்கும் அதிகாரி பெயர் எல்லாம் வெளிப்படையாகப் போட்டிருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். வெறும் வாட்ஸ்அப் நம்பரும் ஒரு இ-மெயிலும் மட்டும் இருந்தால் அது கடை இல்லை, பொறி.

வெப்சைட் பெயரையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பெரிய கம்பெனி பெயரோடு ‘ஆபர்’, ‘சேல்’, ‘அவுட்லெட்’ என்று வால் ஒட்டியிருக்கும், அல்லது ஒரு எழுத்து மாறியிருக்கும். மேலே பூட்டு படம் இருக்கே என்று ஏமாற வேண்டாம். பூட்டு படம் திருடனும் வாங்கலாம்.

அமேசான், பிளிப்கார்ட் போன்ற பெரிய தளத்திலும் விற்பது அந்தக் கம்பெனியே இல்லை, அதற்குள் கடை போட்டிருக்கும் வேறு ஆள். பொருளுக்குக் கீழே விற்பவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டுப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் தரமில்லாத குக்கர்களை விற்க விட்டதற்காக அமேசான், பிளிப்கார்ட் இரண்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். பெரிய தளம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு கதவு இருக்கிறது. வாட்ஸ்அப் ஆசாமியிடம் கதவே இல்லை.

பழைய எச்.எம்.டி.யிலும் கலப்படம்

‘ரோலக்ஸ் எல்லாம் நமக்கு எதுக்கு, தாத்தா கட்டின மாதிரி ஒரு எச்.எம்.டி. போதும்’ என்று தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல ரசனைதான். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு ஆரம்பித்த அரசு கம்பெனி அது. 2016-ல் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்த பிறகு பழைய எச்.எம்.டி.க்கு கிராக்கி ஏறி விட்டது. அதில் ஒரு தில்லாலங்கடி நடக்கிறது. உடைந்த வாட்ச்களின் பாகங்களை ஒன்று சேர்த்து, முகப்புக்கு பளிச்சென்று பெயின்ட் அடித்து, ‘40 வருஷ பழசு, பெட்டி பிரிக்காதது’ என்று விற்கிறார்கள். 40 வருஷம் ஆன வாட்ச்சில் நீலமும் ஆரஞ்சும் மின்னினால் அது நேற்று அடித்த பெயின்ட். ஜனதா, பைலட் மாடல்களில் இது சகஜம்.

பில் உள்ள புது வாட்ச்தான் வேணும், பட்ஜெட் ரெண்டாயிரம், மூவாயிரம் என்றால் சொந்த ஊர்ச் சரக்கு இருக்கிறது. டைட்டன் கம்பெனி 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. தொழிற்சாலை நம்ம ஓசூரில். அதன் சொனாட்டா, பாஸ்ட்ராக் வாட்ச்கள் அந்த விலைக்கே கிடைக்கும். போலி ரோலக்ஸுக்குக் கொடுக்கும் 1,999-ல் வாரண்டி கார்டோடு அசல் வாட்ச்.

வலைத் தொழிலுக்கு வாங்குபவர்கள் ஒன்று கவனிக்கணும். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்’ என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழம் முங்கலாம் என்று அர்த்தம் இல்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு 100 மீட்டராவது வேணும். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கணும். போலி வாட்ச்சில் 200 மீட்டர் என்று எழுதியிருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும். முகப்பில் இருக்கும் மூணு குட்டி வட்டங்கள் கூட வெறும் படமாக இருக்கும், முள் நகரவே நகராது.

பார்சல் வந்தால் பிரிப்பதற்கு முன்பே வீடியோ எடுக்க ஆரம்பியுங்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டு, டேப், டப்பா, உள்ளே இருப்பது என்று நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். டப்பாவையும் சீட்டையும் குப்பையில் போட்டு விடாதீர்கள். அனுப்பியவன் விலாசம் அதில்தான் இருக்கும்.

பணம் போய் விட்டால்...

முதல் வேலை, 1930. இது சைபர் குற்றங்களுக்கான இலவச உதவி எண். அழுதுகொண்டு உட்கார வேண்டாம், அவனுக்கே மறுபடி போன் போட்டுத் திட்டவும் வேண்டாம். உடனே 1930-ஐ அழையுங்கள். நம்மிடம் இருந்து போன பணம் ஒரு அக்கவுண்டில் விழுந்து, அங்கிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று தாவும். கடைசியில் ஏ.டி.எம்.மில் எடுத்து விடுவார்கள். எடுப்பதற்கு முன்பு தகவல் போனால் பேங்க் அந்தப் பணத்தை நிறுத்தி வைக்கும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு நாள் யோசித்து விட்டுச் சொன்னால் ரொம்பக் கஷ்டம்.

போன் பண்ணும்போது கையில் இருக்க வேண்டியது: எந்த பேங்க், எவ்வளவு பணம், எத்தனை மணிக்குப் போனது, யு.பி.ஐ. ரசீதில் உள்ள 12 இலக்க எண், அவன் போன் நம்பர், அவன் கொடுத்த யு.பி.ஐ. முகவரி. வாட்ஸ்அப் பேச்சை அழிக்கக் கூடாது. கோபத்தில் அழித்து விட்டால் சாட்சி போச்சு. எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஒரு போனுக்கும் அனுப்பி வையுங்கள். பேங்குக்கும் உடனே சொல்லி கார்டு, யு.பி.ஐ. இரண்டையும் முடக்கச் சொல்ல வேண்டும்.

‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ என்ற அரசு தளத்திலும் புகார் பதியலாம். நேரில் என்றால் திருப்பாலைவனம் போலீஸ் நிலையத்துக்கோ, திருவள்ளூரில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் போலீசுக்கோ போகலாம். ‘இது எங்க எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. இப்போதைய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு மாற்ற வழி இருக்கிறது. பிடிபட்டால் பழைய 420-க்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவு பாயும். (420 என்ற நம்பர்தான் போனது, ஆசாமிகள் போகவில்லை.) ஆள்மாறாட்டம் செய்து ஆன்லைனில் ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-டி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

விற்றவன் நிஜமான கடைக்காரன், ஆனால் போலியையோ உடைந்ததையோ அனுப்பி விட்டு மாற்றித் தர மறுக்கிறான் என்றால் அது வேறு வழி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்படியும் மசியாவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போட 2019-ம் ஆண்டு சட்டம் இடம் கொடுக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நாமே பேசலாம். 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பில், பணம் போட்ட ரசீது, பார்சல் பிரித்த வீடியோ மூன்றும் இருந்தால் வழக்கு பலமாக நிற்கும்.

ஏமாந்ததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மூடி வைப்பவர்கள்தான் அதிகம். ‘ஊர் சிரிக்கும்’ என்று வீட்டுக்காரியிடம்கூடச் சொல்வதில்லை. அதே நம்பரில் இருந்து அதே ஆசாமி பக்கத்து குப்பத்துக்கும் போன் போட்டுக் கொண்டிருப்பான். போனது 150 ரூபாய் என்றாலும் 1930-ல் நம்பரைக் கொடுத்து விடுங்கள். ஒரே நம்பர் மேல் பல புகார் சேர்ந்தால்தான் போலீசாரும் அந்த சிம் கார்டையும் அக்கவுண்டையும் முடக்க முடியும்.